பாட மறுத்தவர்

சினிமாக்காரர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கிறோம். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அரசே அவர்களிடம் அரசியல் கேட்டது. அரசின் இருபது அம்சத் திட்டத்தை விளம்பரப்படுத்த இந்தித் திரையுலகம் உதவ வேண்டும் என்றது. பாடகர் கிஷோர் குமார் இணங்கவில்லை. உடனே அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அவர் பாடல்களுக்குத் தடை! நாடே முணுமுணுத்த குரல் அது. நடிகரோ பாடகரோ, மனதில் பட்டதைச் சொல்லட்டும். தப்பென்றால் நாமும் எதிர்த்துப் பேசலாம். சொல்ல விருப்பமில்லையா, சும்மா இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்காக அவர் பிழைப்பில் கைவைப்பது பெரிய அநியாயம். ஆட்சி மாறியபின் அமைந்த ஷா கமிஷன், இந்தத் தடையையும் அதிகார அத்துமீறல்களில் ஒன்றாக விசாரித்தது.