உமி நீங்கிய கதை

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலருக்குச் சப்பாத்தியும் வீட்டுணவாகிவிட்டது. ஆயினும், அடித்த அளவிலேயே கோதுமை உமியை உதறிவிட்டுத் தனி மணியாகக் கிடைப்பது எதனால் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

காட்டுக் கோதுமையின் இயல்பு வேறு. முற்றியதும் அதன் கதிர்த்தண்டு கணுக்கணுவாக ஒடிந்து, மணிகள் உமியுடன் நிலத்தில் சிதறும். செடிக்கு அது நன்மை, அறுப்பவனுக்கு இழப்பு. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில், ஒடியாமல் நின்ற கதிர்களின் மணிகளே மிகுதியாக மனிதனின் கைக்கு வந்தன. அவையே மீண்டும் விதையாயின. பின்னர் உமி எளிதில் நீங்கும் வகைகளும் தோன்றின. இந்த இரண்டாவது மாறுதலில் பெரும்பங்கு கொண்ட ஜீனுக்குக் ‘க்யூ’ என்று பெயர்.

அதன் இருப்பிடத்தைக் காண்பது எளிதன்று. ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம்கள் உள்ளன. அதன் மரபுத் தொகுதி மனிதனுடையதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிது. ஆராய்ச்சியாளர் கையாண்ட முறையை இரயில் வண்டியைக் கொண்டு விளக்கலாம். சந்திப்பு நிலையத்தில் வண்டியை எங்கேனும் ஓரிடத்தில் பிரித்து, வேறு பெட்டிகளுடன் கோப்பதாகக் கொள்வோம். அடுத்தடுத்த பெட்டிகள் பிரிவது அரிது; தொலைவிலுள்ளவை அடிக்கடி பிரியும். இணைக் குரோமோசோம்களும் தலைமுறைதோறும் இவ்வாறே துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இரு ஜீன்கள் நூற்றுக்கு ஒரு முறை பிரிந்தால், அவற்றின் இடைவெளி ஒரு சென்டிமார்கன். இப்படி அளந்து அளந்து எல்லையைக் குறுக்கியே மரபு வரைபடம் எழுதப்படுகிறது.

ஜஸ்டின் ஃபாரிஸ், இந்தியாவில் பிறந்த பிக்ரம் கில் ஆகியோர் அடங்கிய அமெரிக்க ஆய்வுக்குழு 2003இல் ‘5ஏ’ குரோமோசோமில் க்யூவின் இடத்தை நெருங்கியது. 2006இல் அதனை உறுதி செய்தது. அந்த ஜீனை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறு பற்றும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதே முதன்மையான காரணம் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பிடி தளர்ந்தது, ஜீனின் செயல் மிகுந்தது, உமியின் இறுக்கம் குறைந்தது.

உமி நீங்காத பழைய இனமோ அழிந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் வாழும் நேயர்கள் கடைவீதியில் காணும் ‘கப்ளி’ கோதுமை அதுவே. அதனைக் குத்திப் புடைத்தே மணியெடுக்க வேண்டும். உழைப்பு மிகுதி, ஆதலால் பயிரிடுவோர் குறைந்தனர்.

ஆனால் பின்னர், யுகாண்டாவில் கண்டறியப்பட்ட ‘யுஜி 99’ என்னும் தண்டுத்துரு நோய் பற்றிய செய்தி வந்து உலகைக் கலங்கச் செய்தது. அதனை எதிர்க்கும் ‘எஸ்ஆர் 13’ என்னும் ஜீன், புறக்கணிக்கப்பட்ட இந்தக் கப்ளியில் இருந்தது! 2017இல் அதனையும் வரைபட முறையாலேயே பிரித்தறிந்தனர்.

வரைபடம், இருக்கும் பொருளின் இடத்தையே காட்டும். அழிந்த விதையை மீட்டுத் தராது. ஆகவே, உமியை நீக்கும் நாம் விதையையும் சேர்த்து நீக்கிவிடலாகாது. கப்ளியை வாங்கி உண்பதும் அதனைக் காக்கும் ஒரு வழியே.