கம்பத்தில் கட்டிய சொல்



ஆங்கில வினைகளைத் தமிழ் அகராதியில் எப்படிப் பதிவு செய்வது என்பதே இக்கருத்தரங்கின் பொருள். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அது 'அட்டாச்'. மின்னஞ்சலில் கோப்பு அனுப்பும்போதும், விடுதியில் 'அட்டாச்டு பாத்ரூம் இருக்கா?' என்று கேட்கும்போதும், ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் புழங்கும் சொல் இது.

பழைய பிரெஞ்சு மொழியில் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவதைக் குறித்த வினையிலிருந்து இது வந்தது. அந்தக் கம்பத்தின் பெயரே ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது என்பது அறிஞர் பலரின் கருத்து. மாட்டை முளையில் கட்டுகிறோமே, அந்தச் செயல்தான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு கோலோச்சியது. ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று 1362இல் சட்டம் இயற்றிய பிறகும் பிரெஞ்சுச் சட்டச் சொற்கள் வெளியேறவில்லை. நம் வினை அந்த வாசல் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் அதன் தொடக்கப் பொருள் ஆளைக் கைது செய்வதும் உடைமையைக் கைப்பற்றுவதும். ஒன்றை ஒன்றோடு சேர்ப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. அன்பால் கட்டுண்டிருப்பது அதற்கும் பின்னால். 'அட்டாக்' என்ற சொல்லும் இத்தாலிய மொழி வழியாக வந்த இதன் உடன்பிறப்பே.

ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தின் நான்காம் அங்கத் தொடக்கத்தில் ஒரு வணிகர் பொற்கொல்லரிடம் கடனைத் திருப்பிக் கேட்கிறார். தராவிட்டால் பக்கத்தில் நிற்கும் அதிகாரியைக் கொண்டு கைது செய்விப்பேன் என்கிறார். அங்கே அவர் ஆளும் வினை இதுதான். மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட 'இணை'யை எடுத்து வைத்தால் காட்சியே குலைந்துவிடும்.

இந்தப் பழைய பொருள் நமக்கும் பழக்கமானதே. இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று நாளிதழில் படிக்கிறோம். அரபு மூலத்திலிருந்து வந்த அந்த ஜப்திதான் இது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், கடன்பட்டவரிடமிருந்து எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று வகுக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகள். தாலிக்குப் பாதுகாப்பு தருவது இந்தக் கடைசி விலக்குதான். இங்கே 'அட்டாச்' என்பதை 'இணை' என்று பெயர்த்தால் இந்தப் பாதுகாப்பே புரியாமல் போகும். ஒரு வினையின் பொருளைத் தவறாகத் தருவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்தப் பிரிவு எனக்கு உணர்த்துகிறது.

'அட்டாச்' என்பதற்கு ஈடாகத் தமிழில் 'பற்று' இருப்பது வியப்பளிக்கிறது. கைப்பற்றுவதும் அதுவே, மகன் மீது தாய் வைப்பதும் அதுவே. சட்டத் தமிழில் 'பற்றுகை' என்று ஆண்டவர்கள் பொருளறிந்தே ஆண்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. சுவரொட்டியை ஒட்டுகிறோம், பித்தானைத் தைக்கிறோம், டிராக்டரில் டிரெய்லரை மாட்டுகிறோம், தாள்களைக் கோக்கிறோம். எதை, எதோடு, எதனால் சேர்க்கிறோம் என்று பார்த்தே தமிழர் வினையைத் தேர்கிறார்கள். இன்று அலுவலகத் தமிழும் கணினித் தமிழும் இத்தனையையும் 'இணை' என்ற ஒன்றுக்குள் அடைத்துவிட்டன. இது வளர்ச்சியன்று, இழப்பு.

அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் நமக்கு அடித்தளம். அதற்குப் பின் வந்த பல கையகராதிகள் காற்புள்ளியிட்டுச் சொற்களை அடுக்குவதோடு நின்றுவிட்டன. எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்று காட்டவில்லை.

ஆகவே இங்கே கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் தாருங்கள். அதைத் தையற்கடையிலும் பட்டறையிலும் நீதிமன்ற வளாகத்திலும் காதால் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.