32,000 எப்படி மூன்றானது?

 

சினிமா பார்க்கலாமா கூடாதா என்ற மஸ்அலாவை நான் இங்கே எடுக்கவில்லை. நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பார்க்கிறார். பார்த்துவிட்டு வந்துதான் உங்கள் தாடியையும் தொப்பியையும் பார்க்கிறார். பேச்சு அதைப் பற்றி.

'தி கேரளா ஸ்டோரி' என்ற இந்திப் படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2022 நவம்பரில் அதன் முன்னோட்டம் வந்தது. கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு, சிரியாவிலும் ஏமனிலும் புதைந்து போனார்கள் என்றது. முப்பத்திரண்டாயிரம்! ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அல்லவா? அத்தனை பேர் காணாமல் போனால் காவல் நிலையங்களில் எத்தனை புகார்கள் குவிந்திருக்க வேண்டும்?

கேரளத்து முஸ்லிம் யூத் லீக் இளைஞர்கள் கல்லெறியவில்லை. ஆதாரம் கொண்டு வாருங்கள், ஒரு கோடி ரூபாய் தருகிறோம் என்று அறிவித்தார்கள். 2023 மே மாதம் படம் வெளியாகும் நேரத்தில், யூடியூப் குறிப்பில் இருந்த 32,000 சத்தமில்லாமல் மூன்று பெண்களாகச் சுருங்கியது! கணக்குத் தெரிந்த வியாபாரிகளே, பேரேட்டில் 32,000 எழுதிவிட்டுக் கல்லாவில் மூன்று ரூபாய் காட்டும் கணக்கப்பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?

கேரளத்திலிருந்து சிலர் ஐ.எஸ். கும்பலில் சேரப் போனது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சிலரை ஆயிரங்களாக்கி, ஒரு சமுதாயத்தின் தலையில் கட்டியதைத்தான் கேட்கிறோம்.

மே 5-ல் படம் வந்தது. அன்றே பிரதமர் பல்லாரி தேர்தல் மேடையில் அதைப் பேசினார். மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் வரிவிலக்கு அளித்தன. மே 18-ல் உச்ச நீதிமன்றம், இந்த எண்ணிக்கைக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை, இது கற்பனை கலந்த கதை என்று படத்திலேயே அறிவிப்புப் போடச் சொன்னது. ஆனால் டீக்கடையில் நிலைத்தது எது? 32,000 தான். 2025-ல் அதன் இயக்குநருக்குத் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது.

தடை கேட்டுத் தெருவில் இறங்கினால் போதுமா? 2013-ல் 'விஸ்வரூபம்' தமிழகத்தில் இரண்டு வாரம் நின்றது. பிறகு சில திருத்தங்களோடு வந்து கூட்டம் கூட்டமாக ஓடியது. நம் கூச்சலும் அதற்கு விளம்பரமாயிற்று என்பதே என் கருத்து.

இளைஞர்களே, 32,000 என்று யாராவது சொன்னால் சீறாதீர்கள். மே 18, உச்ச நீதிமன்றம் என்று தேதியோடு சொல்லுங்கள். ஆதாரமில்லாத ஒன்றை நீங்களும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். வணிகப் பெருமக்களே, பொறியியலுக்குக் கொடுக்கும் கல்வி உதவியில் ஒரு பங்கை, சட்டமும் பத்திரிகைத் துறையும் படிக்க விரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வருடமே ஒதுக்குங்கள்.