செம்பும் உடம்பும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் எமக்கு நோயைப் பற்றிப் பேச உரிமை யாதென வினவுவீராயின், எம் பிழையொன்றே அவ்வுரிமையைத் தந்தது என்போம். சில ஆண்டுகட்கு முன், முத்துப் போல எழுதிவந்த எம் மாணவன் ஒருவனது கையெழுத்து நாளுக்கு நாள் சிதைந்தது. கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. யாம் அதனைச் சோம்பலென்று கருதிக் கடிந்தோம். வீட்டாரோ கண்ணேறென்று மந்திரிப்பாரிடம் அலைந்தனர். ஈராண்டு வீணே கழிந்தபின், கண் மருத்துவர் ஒருவர் அவன் கருவிழியோரத்தே பழுப்பு வளையம் கண்டு, வில்ஸன் நோயென ஐயுற்றார். சோதனைகளும் அதனையே உறுதிசெய்தன.

1912-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து மருத்துவர் கின்னியர் வில்ஸன் விரித்தெழுதிய நோய் இது. நாம் உண்ணும் உணவிற் செம்புச் சத்துச் சிறிதளவு உளது. உடம்புக்கு அது வேண்டுவதே. மிகுதியைக் கல்லீரல் பித்தநீரோடு கலந்து வெளியேற்றும். ஈரலின் உயிரணுக்களிலே செம்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு. அதனை ஆக்கும் மரபணுவை 1993-இல் அறிஞர் கண்டறிந்தனர். அது பழுதுறின், வடிகால் அடைபட்ட வயலில் நீர் நிற்றல் போலச் செம்பு ஈரலில் தேங்கும்; பின்னர் மூளையிலும் கண்ணிலும் படியும். காமாலை, நடுக்கம், மனத்திரிபு ஆகியன அதன் விளைவுகள்.

இனி நம்மவர் உற்று நோக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இம்மரபணு இரண்டாய் அமையும். ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும். இரண்டும் பழுதாயின் நோய் வரும். அப்பழுதை நோயின்றித் தாங்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒரு பங்கு. ஒரு குடியிற் பிறந்தார் ஒரே பழுதைத் தாங்கி நிற்றல் கூடுமாதலின், அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் அவ்வாய்ப்பை மிகுவிக்கின்றது. அம்மாணவனின் தந்தை மணந்ததும் தம் அக்காள் மகளையே.

உறவு விடாமை கருதி முன்னோர் கொண்ட வழக்கத்தை யாம் இகழ்ந்தோமல்லோம். அறிந்தபின்னும் ஆராயாதிருத்தலே தவறு. பெற்ற தாய்மேற் பழி சுமத்துதல் அதனினும் பெருந்தவறு. இதில் இருவர் பங்கும் சமம்.

நற்செய்தியும் உண்டு. 1956-இல் ஆங்கில மருத்துவர் ஜான் வால்ஷி, பெனிசிலமைன் என்னும் மருந்து செம்பைச் சிறுநீர்வழி வெளியேற்றுமெனக் காட்டினார். துத்தநாக உப்பும் செம்பு குடலில் ஏறாமற் காக்கும். ஆயினும் மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டும். நலமாயிற்றென்று நிறுத்துதல் உயிர்க்கே கேடாம். ஆட்டீரலும் செம்புக் குடத்து நீரும் இந்நோயாளர்க்கு ஆகா.

அம்மாணவனின் பேச்சு இன்னும் முற்றும் திருந்தவில்லை. அவன் தங்கையையும் அப்போதே சோதித்தனர், அவளுக்கும் அந்நோயே. குறிகள் தோன்றுமுன் மருந்து தொடங்கினமையால், இன்று அவள் குறைவின்றிப் படித்து வருகின்றாள். காலத்தில் அறிந்தமை ஒன்றே இருவர்க்கும் உள்ள வேறுபாடு.

ஆதலின், வீட்டில் ஒருவர்க்கு இந்நோய் உளதாயின் உடன்பிறந்தார் அனைவரையும் சோதிப்பியுங்கள். மணம் பேசுங்கால், இளமையிற் காமாலையாலோ நடுக்கத்தாலோ வருந்தினோர் குடும்பத்தில் உளரா என வினவி, உளராயின் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நோயை மறைத்தல் குலப்பெருமை ஆகாது. கையெழுத்துச் சிதையும் பிள்ளையைக் கடியுமுன், எம் பிழையை ஒருகணம் நினையுங்கள்.