பழுது பார்த்தலும் பாடம் பார்த்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையை வாசித்தும் விவாதித்தும் வந்திருக்கிற இவ்வட்டத்தில், ஒரு பழைய ஜீப்பைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்பதை அழைப்பிதழில் கண்டு சிலர் முறுவலித்திருக்கக்கூடும். வேறு தலைப்பு வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்கவும் செய்தார். ஆயினும், வட்டக்கோட்டைக்கு அருகிலுள்ள என் வீட்டு முற்றத்தில் இரண்டு ஆண்டுகள் நான் செய்த வேலை, ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் செய்கிற வேலைக்கு மிக அணுக்கமானது என்பதே என் அனுபவம். பழையது ஒன்று சிதைந்து நம் கைக்கு வருகிறது. அதில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதைத் திருத்துவது, எதை மாற்றுவது, மாற்றியதை எவ்வாறு தெரிவிப்பது என்னும் நான்கு கேள்விகளும் இரு துறைக்கும் பொது. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் நம் கோட்டையிலிருந்து தொடங்குவோம். பெயர் வட்டக்கோட்டை, வடிவமோ ஏறத்தாழச் செவ்வகம். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனியின் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையிலேயே சேர்ந்து, பழைய அரண்களையெல்லாம் வலுப்படுத்தினார். அவற்றுள் இக்கோட்டையும் ஒன்று. 1777-இல் மறைந்த அவர் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். வட்டக்கோட்டைச் சுவர்க் கற்களில் மீன் உருவங்கள் காணப்படுகின்றன. அவை பாண்டியர் தொடர்பைக் காட்டுவன என்பர். ஆக, நாம் இன்று காண்கிற கோட்டை ஒரே காலத்தில் ஒரே கையால் எழுந்ததன்று. ஒரு காலத்தவர் கட்டியதை மற்றொரு காலத்தவர் செப்பனிட்டு ஆண்டதன் விளைவு அது. பழுது பார்த்தல் என்பது நம் ஊருக்குப் புதிய செய்தியன்று.

இனி ஜீப்புக்கு வருகிறேன். 1940-இல் அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரங்களும் இழுக்கவல்ல இலகுவான ஊர்தி ஒன்றை வேண்டியது. பேன்டம் என்னும் சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திகளைச் செய்து குவித்தன. 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் நிதியமைச்சராகிவிட்டதால், 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. அந்நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை முதலில் பூட்டியும் பின்னர் இங்கேயே வார்த்தும் விற்றது. மலைத்தோட்டம், காவல்துறை, பொதுப்பணித்துறை, தேர்தல் பணி என எங்கும் நாம் கண்ட, முன்மூடி உயர்ந்த அந்த ஜீப் சி.ஜே. 3பி என்னும் வகையைச் சேர்ந்தது. மூடி உயர்ந்ததற்கு அழகுணர்ச்சி காரணமன்று. 1953-இல் இவ்வகை ஜீப்பில் வைக்கப்பட்ட எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதிக்கு ஏறிவிட்டன, எஞ்சின் உயரமாயிற்று, அதற்கு இடம் தர மூடியும் உயர்ந்தது.

என் கைக்கு வந்தது 1970-இல் பதிவான அத்தகைய ஜீப். அரசுத் துறை ஒன்று கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தவர் உப்பளத்துக்கு ஓட்டினார். பின்னர் அது தென்னந்தோப்பில் ஒன்பது ஆண்டுகள் நின்றது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு, பழைய இரும்பின் விலையினும் சற்றே கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன்.

கடற்கரையில் இரும்பு எவ்வாறு அழியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். காற்றும் ஈரமும் சேர்ந்தாலே துரு பிடிக்கும். உப்பு சேர்ந்தால் அது பன்மடங்கு விரையும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று இறுக்கிக் கல்லாகிவிடுகின்றன. இவ்வூர்தியில் இன்னொரு கேடும் இருந்தது. சேஸிஸின் முன்பகுதி பெட்டி போல் மூடியது. அதன் துளைகள் வழியே கடற்கரை மணல் புகுந்து நிறைந்திருந்தது. மணல் உப்பீரத்தைத் தேக்கி வைக்க, இரும்பு உள்ளிருந்தே உளுத்துப் போயிற்று. வெளியே வர்ணம் கெடாமல் இருந்தது.

இங்கே ஒரு சிறு கருவியைச் சொல்ல வேண்டும். பழைய வண்டி வாங்கச் செல்பவர் சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பது நல்லது. துருத் துளையைப் பட்டி வைத்து மூடி, தேய்த்து, வர்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும், பட்டி வைத்த இடத்தில் அது ஒட்டாது. என் காந்தம் இந்த ஜீப்பின் உடலில் பதினோரு இடங்களில் ஒட்டாமல் விழுந்தது.

வேலையைக் கழற்றுவதில் தொடங்கினேன். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றுமுன் அது இருந்த நிலையை ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன். கழற்றியதற்குத் தகரச் சீட்டு கட்டினேன். அசையாத எஞ்சினுக்கு, நாசில்களைக் கழற்றி அவ்வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்தோறும் முன்புறக் கப்பியில் ஸ்பேனரைப் பூட்டி மெல்ல அசைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் மாலையில் வந்து பார்ப்பார். “சாரே, இன்னைக்கு வரல்லன்னா நாளைக்கு வரும், சம்மட்டியை மட்டும் எடுக்காதீங்க” என்பார். மூன்றாம் வாரத்தில் கால் சுற்று அசைந்தது. முரட்டு அடி அடித்திருந்தால் பிஸ்டனோ அதன் தண்டோ முறிந்திருக்கும்.

கழற்றியவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்தேன். துடைத்து எண்ணெயிட்டால் போதும் என்பன முதற்குவியல். பற்றவைத்தோ லேத்தில் கடைந்தோ மீட்கத்தக்கன இரண்டாவது. அறவே மாற்றத்தக்கன மூன்றாவது. பிரேக் சிலிண்டரின் ரப்பர்கள், குழாய்கள், ஸ்டியரிங் மூட்டுகள், டயர்கள் ஆகியவற்றை ஒரு கணமும் தயங்காமல் மூன்றாம் குவியலில் போட்டேன். பழமையின்பால் எவ்வளவு பற்று இருந்தாலும், தெருவில் நடக்கும் பிள்ளையின் உயிரை ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பரிடம் ஒப்படைக்க நமக்கு உரிமையில்லை. தரைத்தகடு சல்லடையாகியிருந்தது, வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்தோம். பற்றவைத்த தழும்பை மேற்புறம் தேய்த்து மட்டமாக்கிய டிங்கர், அடிப்புறத்தையும் தேய்க்க முனைந்தபோது தடுத்தேன். அடியில் தழும்பு அப்படியே இருக்கிறது. அதனருகில் மாற்றிய ஆண்டையும் உளியால் பொறித்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், பழஞ்சின்னங்களைப் புதுக்குவோர்க்கென ஒரு சாசனம் வகுத்தனர். இழந்த உறுப்புக்கு ஈடாக வைக்கும் புதிய உறுப்பு முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே வேளையில், மூலத்திலிருந்து வேறுபிரித்து அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நமக்கு இது வெனிஸிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 1894-இல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சா., ஏட்டில் சிதைந்த இடங்களைச் சிதைந்தனவாகவே காட்டினார். 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. 1904-இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. அவ்விடங்களை நிரப்பும் புலமை அவரிடம் இல்லாமலா போயிற்று? சங்கப் புலவர் நடையில் நான்கு வரி எழுதிச் சேர்த்திருந்தால் அன்று கண்டுபிடித்திருக்கக்கூடியவர் எத்தனை பேர்? அவர் அதைச் செய்யவில்லை என்பதனாலேயே, அவர் பதிப்பில் இருக்கின்ற வரிகளை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

அடுத்து இடைச்செருகல். இந்த ஜீப் பிறந்தது 2199 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு. நான் வாங்கியபோது இருந்ததோ டீசல் எஞ்சின். பெட்ரோல் செலவு கட்டுபடியாகாமல், இடையில் உரிமையாளர் ஒருவர் மாற்றியிருக்கிறார். மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் முறையாகக் குறித்தும் வைத்திருக்கிறார். எஞ்சினைத் தாங்கும் பட்டையை யாரோ ஒரு கைதேர்ந்த தொழிலாளி வெட்டி, வளைத்து, பொருத்தியிருந்த நேர்த்தியைக் கண்டு நான் வியந்தேன்.

பழைய ஜீப் சேர்ப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். டீசலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினை வைத்தால், நான் செலவிட்டதைப்போல் மும்மடங்கு தருவதாகச் சொன்னார். அதுவும் ஒரு நெறிதான். ரசிகமணி டி.கே.சி. கம்பனில் கம்பன் வாக்கல்ல என்று தமக்குப் பட்ட பாடல்களை ஒதுக்கினார். சொற்களையும் தம் செவி சொன்னபடி திருத்தினார். அவர் சுவையுணர்வை நான் வணங்குகிறேன். எனினும், மிகைப்பாடல்களை நூலின் இறுதியில் தனியே அச்சிடும் பதிப்பாசிரியரின் பக்கமே என் மனம் சாய்கிறது. இடையில் வந்தவனும் இந்த நூலை வாசித்தவனே. தன் காலத்தின் தேவையால் ஒன்றைச் சேர்த்தவன். அவன் சேர்த்தது இது என்று தெரிந்தால் போதும். அவன் இல்லவே இல்லை என்று நாம் நடிக்க வேண்டியதில்லை. இந்த ஜீப் உப்பளத்தில் உழைத்தது டீசல் எஞ்சினோடுதான். அதனை வைத்துக்கொண்டேன்.

கடினமான கட்டம் சேஸிஸில் வந்தது. உளுத்த பகுதியைக் கண்ட ஒருவர் எளிய வழி சொன்னார்: “சாரே, நல்ல சேஸிஸ் ஒண்ணு கெடக்கு. அதைப் போட்டுட்டு உங்க நம்பரை அதில அடிச்சிருவோம். ஆருக்குத் தெரியப் போகுது?” செலவு பாதி, வேலை ஒரு வாரம். ஆனால் சேஸிஸ் எண் என்பது ஊர்தியின் பெயர். வேறொன்றின் முதுகில் இந்தப் பெயரைப் பொறித்தால் அங்கே இரண்டு வண்டிகள் செத்து ஒரு பொய் பிறக்கிறது. சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம். ஒருவன் எழுதிய செய்யுளின் ஈற்றில் இன்னொருவன் முத்திரையை வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் மறுத்துவிட்டேன். உளுத்த பதினான்கு அங்குலத்தை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள இரும்பை இணைத்து, இருபுறமும் பட்டை வைத்துப் பற்றவைத்தோம். கூடுதலாக நான்கு மாதம் ஆயிற்று. ஆய்வாளரிடம் கொண்டு சென்றபோது, ஒட்டிய இடத்தை நானே குனிந்து காட்டினேன். ஐந்தாண்டுக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டது.

இதனால் ஓர் இழப்பும் உண்டு. 2021-இல் நடுவண் அரசு, ஐம்பது ஆண்டு கடந்த ஊர்திகளைப் பழம்பெருமை வாய்ந்தவையாகப் பதிவு செய்ய விதி வகுத்தது. சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் இருப்பவற்றுக்கே அந்தப் பெருமை. என் ஜீப்புக்கு அது கிடைக்காது. நான் கேட்கவும் இல்லை. அவ்விதிப்படி பதிவானவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்குத் தெருவில் ஓட்டலாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். என் ஜீப் தேங்காய் ஏற்றுகிறது. மழைக்காலத்தில் சகதியில் சிக்கிய வண்டிகளை இழுத்து விடுகிறது. இருக்கைக்கு அருகிலுள்ள இரண்டு சிறு கோல்களில் ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசை தரும். மற்றது வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும். அவ்விரண்டும் பிறந்த நாளில் இருந்தவையே. இன்றும் தடையின்றி இயங்குகின்றன.

அன்பர்களே, இவ்வளவும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டத்தின் பத்தாண்டு மலர் தொகுக்கப்படுகிறது. தொகுப்புக் குழுவில் நானும் ஒருவன். பத்தாண்டுக் கூட்டக் குறிப்பேட்டில் சில திங்களின் பக்கங்கள் இல்லை; வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போயின. நினைவிலிருந்து எழுதி நிரப்பிவிடலாம் என்கிறார்கள். நம்மை விட்டு மறைந்த உறுப்பினர் இருவரின் கவிதைகள் கையெழுத்தில் கிடைத்துள்ளன. அவற்றில் ஓரிடத்தில் தளை தட்டுகிறது. இன்னோரிடத்தில் ஒரு சொல் படிக்க முடியவில்லை. அன்பினால்தான், அவற்றைச் சீர்செய்து அச்சிடுவோம் என்கிறார்கள்.

என் வேண்டுகோள் இது. குறிப்பேட்டில் இல்லாத திங்களுக்கு, கிடைக்கவில்லை என்று அச்சிடுவோம். நினைவிலிருந்து எழுதுவதை, நினைவிலிருந்து எழுதியது என்று எழுதியவர் பெயரோடு வேறாகப் போடுவோம். தளை தட்டிய வரி தட்டியபடியே இருக்கட்டும். திருத்தம் தோன்றினால் அடிக்குறிப்பில் வரட்டும். படிக்க முடியாத சொல்லின் இடத்தில் புள்ளிகளை வைப்போம். அவ்விருவரும் இனி வந்து மறுக்க இயலாதவர்கள். ஆகவே அவர்கள் எழுதாத எழுத்து ஒன்றேனும் அவர்கள் பெயரில் அச்சேறக்கூடாது. இதனைக் குழு ஏற்குமானால், மெய்ப்புத் திருத்தும் வேலை முழுவதையும் நானே செய்து தரக் காத்திருக்கிறேன்.