நாடி எத்தனை? மலை ஏறலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏனுங்க டாக்டர், நாடி எம்பத்தெட்டுன்னு காட்டுது, பயப்படணுங்களா?" என்னிடம் நம்மூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில், கோவையின் தினசரிப் பாதிப்பு சென்னையையே தாண்டிய நாட்களில், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதில் தெரியும் ஆக்சிஜன் அளவை எல்லோரும் புரிந்துகொண்டோம். கூடவே தெரியும் நாடித்துடிப்புதான் இன்னும் குழப்புகிறது.

பெரியவர்களுக்கு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஆகவே 88 என்றால் பதற வேண்டாம். ஆனால் எப்போதும் 66 இருந்தவருக்கு வாரக்கணக்கில் 88 இருந்தால், ஏன் என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, நாள்பட்ட சர்க்கரை நோய், மனக்கவலை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மறுபுறம், தினமும் ஓடிப் பழகிய வீரருக்கு 45 கூட இயல்பே. அவர் இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுவோருக்கும் எண் குறையும். அது மருந்தின் வேலை. அதனால் ஊருக்குப் பொதுவான எண்ணைவிட உங்கள் சொந்த எண் முக்கியம்.

அதை அறிவது சுலபம். காலையில் காப்பிக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே கணக்கைக் குழப்பும். துடிப்பு தாளம் தப்பி, ஒழுங்கில்லாமல் வந்தால், எண் 75 ஆனாலும் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? மாசி, பங்குனி வந்தால் நம் பழைய மாணவர்கள் கோஷ்டி கோஷ்டியாக வெள்ளியங்கிரிக்குக் கிளம்புகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, ஏழு மலை ஏறுகிறார்கள். 2024-இல் அப்படி ஏறியவர்களில் சிலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத் திணறலாலும் இறந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாமென்று வனத்துறையே கேட்டுக்கொண்டது.

ஒரு கணக்கு பாருங்கள். 220-இல் வயதைக் கழித்தால், இதயத்தின் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 20 வயதுத் தம்பிக்கு 200. 55 வயது நண்பருக்கு 165. இருவரும் ஒரே வேகத்தில் ஏறி, இருவர் நாடியும் 150-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு அது உச்சத்தில் முக்கால் பங்கு. நண்பருக்கோ பத்தில் ஒன்பது பங்கு! "காலேஜ்ல படிக்கறப்ப ஓடியே ஏறுனனுங்க" என்கிற பேச்சு இதயத்திடம் எடுபடாது.

ஆகவே ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு தடுமாறினால் உட்கார்ந்துவிடுங்கள். நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் நாடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஏறுவதை நிறுத்தி உடனே உதவி கேளுங்கள். வீட்டிலோ சாலையிலோ என்றால் 108. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதை மறக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் வீட்டில் அப்பா, அம்மா, அப்பச்சி, அம்மாயி எல்லோருடைய நாடியையும் எண்ணி, ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால், மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.