அபிமானம் மாறும் பருவம்



விளையாட்டு ரசிகர் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனக்கண்ணில் தோன்றுகிறவர், கிரிக்கெட் நடக்கும் நாளில் வயிற்றுவலி என்று அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் சாய்ந்திருக்கும் ஒரு கனவானே அன்றி, ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து, ஜங்ஷன் பக்கம் இறங்கி, காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து கல்லூரிப் பெண்கள் ஆடும் ஹாக்கியைக் கண்கொட்டாமல் பார்க்கும் ஒரு நடுவயது ஸ்திரீ அல்லள். அந்த அபூர்வமான கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். சித்திரை வீதியிலுள்ள என் பந்துக்கள் பலர் இதை ஆபத்தில்லாத ஒரு பைத்தியமாக எண்ணி எப்போதோ மன்னித்துவிட்டார்கள்.

கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயம் முடிந்த பிறகு வருகிற பருவத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஏனெனில் ரசிகையின் மனத்துக்கு உண்மையான சோதனை ஏற்படுவது அப்போதுதான். திருச்சிராப்பள்ளி பெண்கள் கல்லூரிகளுக்குப் பேர்போன ஊர். தெப்பக்குளத்துக்கு அருகில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இல் தோன்றிற்று. சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951-இல் ஆரம்பமாயிற்று. பின்னால் வந்தவையும் பல. பாட்டி படித்த கல்லூரியிலேயே பேத்தியும் படிக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் கல்லூரி அபிமானம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. தன் கல்லூரிப் பெண் தடுக்கி விழுந்தால் அது எதிராளியின் அக்கிரமம். எதிராளி விழுந்தால் அது வெறும் நடிப்பு என்று தீர்மானம் செய்துவிடும் அந்தப் பக்ஷபாதத்தில் ஒரு தனி ஆனந்தம் உண்டு. நடுவர் விசில் ஊதுவதற்குள் நாம் தீர்ப்புச் சொல்லியிருப்போம்.

இந்த நிலையில், 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம், காவிரிப் படுகை நெடுகிலுமுள்ள தன் கல்லூரிகளின் ஆட்டக்காரிகளிலிருந்து சிலரைப் பொறுக்கியெடுத்து ஒரே அணியாக்கி, வேறு பல்கலைக்கழகங்களோடு மோத அனுப்புகிறது. போன வாரம் நம் கோல்காரியைக் கண்ணீர் விடவைத்த அந்த ‘முரட்டுப் பெண்’ணும், கண்ணீர் விட்ட நம் பெண்ணும் ஒரே நிறச் சட்டையில் வந்து நிற்கிறார்கள். வேலித் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு வீட்டார் திடீரென்று சம்பந்திகளாகிவிட்டால், முதல் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து எப்படி விழிப்பார்களோ, அப்படித்தான் ரசிகைகளாகிய நாங்களும் முதல் ஆட்டத்தில் விழிக்கிறோம். ஆனால் பெண்களுக்கு அந்தச் சங்கடமே இல்லை. இரண்டாம் நாள் பயிற்சியிலேயே ஒருத்தியின் தலையை மற்றொருத்தி பின்னிவிடுகிறாள்.

அமெரிக்க ரசிகருக்கு இந்தச் சிரமம் கிடையாது. அங்கே பனிக்கட்டியின் மேல் ஆடும் பெண்கள் ஹாக்கிக்கு 2001 முதல் கல்லூரிகளுக்கான தேசியப் பந்தயம் ஒன்று நடந்துவருகிறது. கடைசி நான்கு அணிகளின் கட்டத்துக்கு ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்று பெயர். அந்த முதல் ஆண்டில் வெற்றி பெற்றது மினசோட்டா-டுலூத் அணி. பருவத்தின் ஆரம்பத்தில் எந்தச் சட்டையை ஒரு பெண் அணிந்தாளோ அதே சட்டையோடு தேசியப் பந்தயத்தின் கடைசி நிமிஷம் வரை ஆடலாம். ரசிகரும் ஒரே கொடியை ஆட்டிக்கொண்டிருக்கலாம். அது சௌகரியமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும், எதிரியாக இருந்தவளின் திறமையை உரக்க ஒப்புக்கொள்ளும்படி ரசிகையை வற்புறுத்துகிற நம் ஏற்பாடே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

அந்தத் திறமையைப் பார்க்க வேண்டுமானால் பெனால்டி கார்னர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பின்கோட்டின் மேல் பந்தை வைத்து ஒருத்தி குனிந்து நிற்பாள். ‘டி’ வட்டத்துக்கு வெளியே அவளுடைய தோழிகள் மட்டையைத் தரையோடு பதித்துக் காத்திருப்பார்கள். கோல்காரியையும் சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோட்டுக்குப் பின்னே முகமூடி அணிந்து நிற்க, அவர்களுடைய மற்றச் சகாக்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். பந்து தள்ளப்பட்ட அந்தக் கணத்தில் முதலில் பாய்ந்து வருகிறவளின் காரியம், எதிரே புறப்படப்போகும் பந்தின் வழியில் தன் உடம்பையே கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமானம். வட்டத்துக்கு வெளியே பந்தை நிறுத்துகிறவள் ஓர் அங்குலம் தவறினாலும் எல்லாம் வீண். மட்டையை ஓங்கி அடித்தால் முதல் அடி, கோலின் பின்பலகை உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி வீசினால் அந்த விதி கிடையாது. ஆகையால், உடம்பை வில்லாக வளைத்து வீசுகிற அந்தக் கலையை ஓர் இருபது வயதுப் பெண் கைவசப்படுத்தியிருப்பதைக் கண்டால், அவள் எந்தக் கல்லூரி என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் கல்லூரி மைதானங்களில் அநேகம் செம்மண் கட்டாந்தரை. அதிலே பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தத் திசையில் எகிறும் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். பெரிய பந்தயங்களோ தண்ணீர் தெளித்து நனைத்த செயற்கைத் தரையில் நடக்கின்றன; அங்கே பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், ஆட்டத்தின் வேகமே வேறு. 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டபோது, உலகையே ஆண்டுவந்த நம் ஆடவர் அணி ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. மண்ணில் பழகிய பெண்களைச் சில நாள் பயிற்சியோடு அந்தத் தரைக்கு அனுப்பிவிட்டு, ‘ஏன் தோற்றாய்?’ என்று கேட்பது நியாயமில்லை.

பல்கலைக்கழகங்களின் பந்தயங்களை நடத்துவது, 1925-இல் பிறந்த இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம். முதலில் தென்மண்டலப் பந்தயம். அதில் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கிற அணிகள் அகில இந்தியப் பந்தயத்துக்குப் போகின்றன. பல ஆண்டுகளில் இவை மார்கழியை ஒட்டி வந்துவிடுவதுதான் ஸ்ரீரங்கத்து ரசிகையின் துர்ப்பாக்கியம். இங்கே பகல் பத்தும் இராப் பத்தும் நடந்துகொண்டிருக்கும். அரையர் சேவையைத் தரிசித்துக்கொண்டு நிற்கும்போதே, எங்கோ ஒரு வெளியூர் மைதானத்தில் மூன்றாவது கால் பகுதி முடிந்திருக்குமே என்று மனம் அலையும். பெருமாள் இதையும் பொறுத்துக்கொள்கிறார் என்றே நம்புகிறேன். முன்பெல்லாம் மறுநாள் பத்திரிகையின் மூலையில் இரண்டு வரியைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அணியோடு போன எவராவது செல்போனில் படம்பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். படம் ஆடும், காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஆட்டம் சமமாக முடிந்து ஷூட்-அவுட் வந்துவிட்டால், ஒவ்வொருத்திக்கும் கிடைக்கும் எட்டே விநாடியில் அந்தப் படம் நின்றுபோகாமல் இருக்க வேண்டுமே என்று பிரார்த்திப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தென்மண்டலத்தில் நம் அணி சீக்கிரமே தோற்றுத் திரும்பினால் ரசிகைக்கு ஒரு வார வருத்தம். ஆனால் அந்தப் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதே ஒரு சொத்து. அரசாங்க உத்தியோகத்தில் விளையாட்டு ஒதுக்கீடு கோருகிறவர்களுக்கு ‘படிவம் 3’ என்ற சான்றிதழ் எவ்வளவு அருமையானது என்பதை, விவசாயக் கூலி வீட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஆடும் பெண்ணிடம் கேட்டால் சொல்வாள். ரயில்வேயும் போலீசும் இத்தகைய பெண்களுக்கு வெகு காலமாகச் சோறு போட்டுவருகின்றன. ‘கறுத்துப் போவாய், கால் ஒடிந்துபோகும், யார் கட்டிக்கொள்வார்கள்?’ என்று கேட்ட உறவினர்கள், நியமன உத்தரவு வந்த அன்று முதல் ஆளாக வந்து நிற்பதும் உலக இயல்பு.

ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஹாக்கி சேர்க்கப்பட்டதே 1980-இல்தான். மாஸ்கோவில் அந்த முதல் பந்தயத்தில் நம் பெண்கள் நான்காம் இடம் பெற்றார்கள். அதன் பிறகு மறுபடியும் ஒலிம்பிக்ஸுக்குப் போக 36 வருஷங்கள் ஆயின. 2021-இல் டோக்கியோவில், காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று வீழ்த்தி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3–4 என்று தோற்றபோது ஊரே அழுதது. அழுதவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பெண்கள் ஹாக்கி ஆட்டத்தையாவது நேரில் பார்த்திருப்பார்கள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். இங்கே எங்கள் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் வேறு அணிப் பெண்கள். மீதிப் பேரில் சில தாய்மார்கள், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பிறகு என்னைப் போன்ற இரண்டொருவர். வெளியூரில் தோற்பதைவிட, சொந்த ஊரில் யாரும் பாராமல் ஜெயிப்பதே அந்தப் பெண்களுக்குக் கடினமாக இருக்கும்.

ஆகையால் நேயர்களை, விசேஷமாகத் தாய்மார்களை, நான் கேட்டுக்கொள்வது இதுதான். கல்லூரிகளிடையே ஆட்டம் எப்போது, எந்த மைதானத்தில் என்று உங்கள் வீட்டுப் பெண் படிக்கும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் விசாரியுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். இந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. வாருங்கள், உங்கள் கல்லூரிக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துங்கள். ஆனால் எதிரணியில் நன்றாக ஆடுகிறவளின் பெயரையும் அன்றைக்கே கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அவளுக்காகவும் நீங்கள் கத்த வேண்டியிருக்கும்.